மெருகும் மெழுகும்

கறுப்பு வண்டிக்கு எந்தப் பாலிஷ் நல்லது, எந்த வாக்ஸ் நல்லது என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுவல்ல என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் நாலு வருஷமாகக் கறுப்புக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு நான் படுகிற அவஸ்தையை அவர் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டவனைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்திருக்க வேண்டும். அவருக்குச் சொன்ன பதில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் போன பிறகு எனக்கு ஏற்பட்ட கோபம் முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோபம் முதலில் ஒரு சொல்லின் மேல். 'பாலிஷ்' என்பது அந்தச் சொல். செருப்புக்குப் போடுவதும் பாலிஷ், மர அலமாரிக்குப் போடுவதும் பாலிஷ், பெண்கள் நகத்துக்குப் போடுவதும் பாலிஷ். காருக்கென்று டப்பாவிலும் புட்டியிலும் அடைத்து விற்கிற அத்தனை சரக்கும் நம் கடைத்தெருவில் பாலிஷ்தான். இங்கிலீஷ்காரன் பாலிஷ் என்றும் வாக்ஸ் என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறான். வைத்திருந்தும் 'வாக்ஸ் பாலிஷ்' என்று இரண்டையும் ஒரே டப்பாவின் மேல் அச்சடித்துக் குட்டையைக் குழப்புகிறான். நம்மிடமும் இரண்டு சொல் இருக்கின்றன. மெருகு, மெழுகு. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தைத் தவறவிட்டதற்கு நான் கொடுத்த விலை ஒன்பதாயிரம் ரூபாய். இன்னொருவர் கொடுத்த விலை அதைவிட அதிகம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மெழுகு என்பது மேலே பூசுவது. மெருகு என்பது மேலே இருப்பதைத் தேய்த்து எடுப்பது. 'மெருகேற்றுதல்' என்று சொல்லிச் சொல்லி, மெருகு போட்டால் ஏதோ ஏறுகிறது என்று நமக்கு ஒரு நினைப்பு. ஒன்றும் ஏறுவதில்லை, இருப்பது இறங்குகிறது. நகை ஆசாரி மெருகு போட்டுக் கொடுத்தால் பழைய வளையல் புதுசாகிவிடுகிறது. தேய்ந்த பொன் எங்கே போயிற்று என்று பட்டறைத் தரையைக் கூட்டுகிறவரைக் கேட்டால் தெரியும். அரிசியைத் தீட்டத் தீட்ட வெள்ளை வெளேரென்று ஆகிறது; தவிடும் போய்விடுகிறது, அதிலிருந்த சத்தும் போய்விடுகிறது. எங்கள் பாட்டியின் பித்தளைக் குடத்தில் அவள் பெயர் வெட்டியிருந்தது. ஐம்பது வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் குடம் தங்கமாக மின்னியது, பெயரைத்தான் காணோம். இதிலெல்லாம் மோசம் ஒன்றும் இல்லை. குடத்துக்குக் கனம் இருந்தது, தாங்கியது.

காரின் மேலே இருக்கிற பூச்சுக்கு அந்தக் கனம் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வருகிற ஒரு காரின் மொத்தப் பெயிண்ட்டும் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இந்தக் கனத்துக்குள்ளேயே தகட்டைத் துருவிலிருந்து காக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்' என்று நாலு அடுக்கு இருக்கின்றன. வெயிலையும் மழையையும் காக்காய் எச்சத்தையும் முகத்தில் வாங்கிக்கொள்வது இந்தக் கடைசி அடுக்கு. இதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்று ஏறக்குறைய 70. அதாவது, நாம் கையால் தட்டிப் பார்த்து 'நல்ல கெட்டி வண்டி ஸார்' என்று சொல்லி வாங்குகிற வஸ்துவின் பளபளப்பு அத்தனையும் ஒரு மயிரிழைக்குக் குறைவான பூச்சில் இருக்கிறது. கரடான பாலிஷை இயந்திரத்தில் போட்டு ஒரு தரம் ஓட்டினால் அதில் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது. மறுபடி பூசவேண்டுமென்றால் பெயிண்ட் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு வக்கீல் வீட்டில் கறுப்பு அம்பாஸிடர் இருந்தது. வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்துகொண்டிருந்தார்களே, அதே வண்டிதான். அந்தக் கால வண்டிகளுக்கு மேல்பூச்சு என்று தனியாக ஒன்று கிடையாது; நிறமே மேல்பூச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் திண்ணையோரம் வண்டியை நிறுத்தி, பாலிஷைத் தொட்டுத் தேய்ப்பார். நாங்கள் பையன்கள் சுற்றி நிற்போம். வெள்ளைத் துணி கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். "எவ்வளவு அழுக்கு!" என்று நான் ஒருநாள் ஆச்சரியப்பட்டேன். டிரைவர் துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அழுக்கு இல்லடா தம்பி. இது வண்டி" என்றார்.

அந்த மனுஷருக்குத் தெரிந்திருந்த உண்மை இன்றைக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுத்துக் கார் வாங்குகிறவனுக்குத் தெரிவதில்லை. காரணம், அவன் துணி கறுப்பதில்லை. கிளியர் கோட்டுக்கு நிறம் இல்லை அல்லவா? தேய்ந்து வருவது துணியில் தெரியாது. பார்த்தால் துணி சுத்தமாக இருக்கிறது, வண்டி பளபளக்கிறது, ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை என்று தோன்றிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நஷ்டத்தைப் போல வியாபாரிக்கு லாபமான சமாசாரம் வேறு இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் வாங்கியது பழைய வண்டி. விற்றவர் சாயங்கால வேளையில், மரத்தடியில் வைத்துக் காட்டினார். கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதம் கழித்து ஒரு சித்திரை மாதத்து உச்சிவெயிலில் பானெட்டைப் பார்த்தேன். சூரியன் அதில் விழுந்த இடத்தைச் சுற்றி, வட்டம் வட்டமாக, சிலந்தி வலை பின்னியது போல ஆயிரம் கீறல்கள். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. நகர்ந்து நின்று பார்த்தேன். வலையும் கூடவே நகர்ந்து வந்தது.

அந்த வட்டம் நிஜத்தில் வட்டமே அல்ல என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கீறல்கள் நாலா திசையிலும் கன்னாபின்னாவென்றுதான் இருக்கின்றன. அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிறவை மட்டுமே கண்ணில் மின்னுகின்றன. ஆகவே விளக்கை எங்கே பிடித்தாலும் அதைச் சுற்றி வட்டம் தெரியும். எல்லா நிற வண்டியிலும் இந்தக் கீறல் உண்டு. வெள்ளை வண்டியில், கீழிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தில் அது கரைந்துபோகிறது. கறுப்பு கீழிருந்து எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நாம் பார்க்கிற வெளிச்சம் முழுவதும் மேல்பரப்பிலிருந்து வருவது; அதில் ஒரு மயிரிழை கீறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பு சீக்கிரம் கீறிக்கொள்ளும் நிறம் என்று ஜனங்கள் சொல்வது வீண் பழி. அது உண்மையைச் சொல்லுகிற நிறம், அவ்வளவுதான்.

நான் ஒரு கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை, காப்பி, சுவரில் பந்தயக் கார்களின் படங்கள். அங்கே இருந்த இளைஞர் கையில் ஒரு டார்ச்சுடன் வண்டியைச் சுற்றி வந்தார். வைத்தியர் நாடி பார்க்கிற தோரணை. சுற்றி முடித்துவிட்டுத் தலையை ஆட்டி, "வண்டியை யார் ஸார் துடைக்கிறாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு கார்கள். எல்லாவற்றையும் விடியற்காலையில் துடைப்பவர் ஒரு பெரியவர். காருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய்.

"அவரை முதல்லே நிறுத்துங்க. வண்டியைப் பாழ் பண்ணிட்டார்" என்றார் இளைஞர். பிறகு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ரசீது போட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெரியவரை நிறுத்திக் கேட்டேன். கேட்டேன் என்பது சரியல்ல, கத்தினேன். "என்ன பெரியவரே, வண்டியைத் துணி வைத்துத் துடைத்தீர்களா, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தீர்களா?" என்றேன். இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு, "துணிதான் ஐயா" என்றார். நான் அதோடு விடவில்லை. சங்கத்துக் காரியதரிசிக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். எழுதுவதுதான் நமக்குத் தொழிலாயிற்றே. புகார் நன்றாகவே அமைந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டு ஒரு பையனை வைத்தார்கள்.

வண்டி கடையிலிருந்து திரும்பி வந்தபோது கீறல் ஒன்றுகூட இல்லை. நான் பரவசமானேன். ஆறாவது வாரம் வலை திரும்பி வந்துவிட்டது.

ஏன் வந்தது? பையனும் கீறினான் என்பது ஒரு பாதி. மறுபாதி என்னவென்றால், கடைக்காரர் எடுத்த கீறலில் பாதியை அவர் எடுக்கவே இல்லை, அடைத்திருந்தார். 'கிளேஸ்' என்று ஒரு சரக்கு இருக்கிறது. எண்ணெயும் நிரப்புப் பொருளும் சேர்ந்தது. கீறலின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, பள்ளமே இல்லாதது போலக் காட்டும். நாலு தரம் சோப்பு நீர் பட்டால் எழுந்து போய்விடும். 'பூசி மெழுகுவது' என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். பூசி மெழுகியதைப் பூசி மெழுகியது என்று சொல்லி, அதற்குரிய கூலியை வாங்கியிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்யாணத்துக்கோ வண்டி விற்பதற்கோ அது உதவும். என்னிடம் வண்டி விற்றவரும் அந்த மரத்தடியில் அதைத்தான் செய்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் 'கீறலை நீக்கிவிட்டோம்' என்று எழுதி ரசீது கொடுப்பது வேறு காரியம்.

இரண்டாவதாக ஒருவரிடம் போனேன். அவர் கடையில் காப்பியும் இல்லை, படமும் இல்லை. சட்டைப்பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து, வண்டியின் மேல் அங்கங்கே வைத்து எண் படித்தார். பூச்சின் கனத்தை அளக்கிற கருவி அது. கூரையில் 118. பானெட்டின் நடுவில் 92. பானெட்டின் விளிம்பில் 74. "உங்களுக்கு முன்னாடியே பல பேர் தேய்ச்சிருக்காங்க. இனிமே இந்த விளிம்பிலே மிஷின் வைக்க வேண்டாம். கீறலோடவே இருக்கட்டும்" என்றார். என்னிடம் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிய கடைக்காரர் அவர். கறுப்பு வண்டிக்காரர்களுக்கு நான் சொல்லும் புத்தி ஒன்றே ஒன்றென்றால், அளந்து பார்க்காமல் பாலிஷ் இயந்திரத்தை எடுக்கிறவன் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பதுதான்.

சரக்கை விற்பதற்காகச் சொல்லப்படுகிற கதைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். கதை சொல்வது என் தொழில். போட்டி வியாபாரிகளை நான் சும்மா விடமுடியாது.

கறுப்பு வண்டிக்கென்றே தனியாகக் கறுப்பு மெழுகு விற்கிறார்கள். மெழுகில் கறுப்புச் சாயம் கலந்திருக்கும். பூசினால் கறுப்பு இன்னும் கறுப்பாகும் என்பது விளம்பரம். எங்கள் ஊர் வக்கீலின் அம்பாஸிடருக்கு அது ஒருவேளை ஆகியிருக்கலாம். இன்றைய வண்டியில் நிறம் கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. மேலே பூசுகிற சாயம் அதை எப்படித் தொடும்? ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே சந்தனம் பூசினால் உள்ளே இருக்கிறவர் நெற்றியில் பொட்டு விழுமா? சாயம் கீறலின் பள்ளத்தில் போய்த் தங்கிக் கொஞ்சம் மறைக்கும். அதைத் தவிர வேறு பலன் இல்லை.

அடுத்தது 'ஸெராமிக் கோட்டிங்'. இதன் பெருமையைச் சொல்ல '9எச்' என்று ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். வைரத்துக்குக் கடினம் 10, எங்கள் பூச்சுக்கு 9 என்று சிலர் கூசாமல் சொல்கிறார்கள். வைரத்துக்கு 10 போடுவது மோஸ் என்பவருடைய கல் அளவு. 9எச் என்பதோ பென்சில் அளவு! பள்ளிக்கூடத்தில் எச்பி, 2பி என்று வாங்கினோமே, அதே வரிசையில் மிகக் கெட்டியான பென்சில் 9எச். அந்தப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் பூச்சு கீறவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பென்சிலை வைரமாக்கின ரசவாதத்தை என்னவென்று சொல்வது? இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டு வருஷம் கழித்து அதே கடைக்குப் போனால், பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதுசாகப் போடவேண்டும் என்பார்கள். எதை வைத்து எடுக்கிறார்கள்? பாலிஷை வைத்துத்தான். பாலிஷ் தேய்த்தால் போய்விடுகிற பூச்சு வைரத்துக்குத் தம்பியா?

கோட்டிங்கே வீண் என்று நான் சொல்லவரவில்லை. மெழுகைவிடப் பல மடங்கு காலம் நிற்கிறது. அழுக்கு ஒட்டாமல் வழுக்கி விடுகிறது, கழுவுவது சுலபம். ஆனால் நம் பட்டணத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இருக்கும் உப்பு அதற்கு ஜன்மப் பகை. நீர் முத்து முத்தாக நிற்பதைக் காட்டித்தானே விற்கிறார்கள்? அந்த முத்து வெயிலில் வற்றும்போது தன் உப்பு முழுவதையும் ஒரே வட்டத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. கறுப்பின் மேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொட்டு. கழுவினால் உடனே துடைத்து உலர்த்த வேண்டும். இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

மெழுகின் கதை வேறு. எல்லா டப்பாவிலும் 'கார்னோபா' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது ஒரு பனை. பிரேஸில் தேசத்தின் வடகிழக்கில், சியாரா, பியாவி என்கிற வறண்ட மாகாணங்களில் வளர்கிறது. நம் பனை மாதிரியே விசிறி ஓலை, மட்டையில் முள். வறட்சியில் ஓலையிலிருந்து நீர் ஆவியாகிப் போய்விடாமல் இருக்க அந்த மரம் தானே தன் மேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி ஓலையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடித்தால் தூளாக உதிரும். அதை உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். இளங்குருத்திலிருந்து வருகிற வெளிர்மஞ்சள்தான் உயர்ந்த ரகம். நாம் பனையைக் கற்பகத் தரு என்று சொல்வதைப் போல அங்கே அதை ஜீவ விருட்சம் என்கிறார்களாம். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். செங்கல் போலக் கெட்டி. ஆகவே டப்பாவில் இருப்பது ஒருபோதும் முழுக் கார்னோபா ஆகாது. கரைப்பானும் எண்ணெயும் மற்ற மெழுகும் கலந்தால்தான் துணியில் எடுக்கவே முடியும். 'நூற்றுக்கு நூறு கார்னோபா' என்றால், அதில் இருக்கிற கார்னோபா நூற்றுக்கு நூறு கார்னோபா என்று பொருள். பாலில் கலந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று பால்காரர் சத்தியம் செய்வது போல.

இந்த மெழுகு மிட்டாய்க்கும் மாத்திரைக்கும்கூட மேல்பூச்சாகப் போகிறது. 2017-ல் ஜெர்மன் தொலைக்காட்சி ஒன்று, மிட்டாயின் மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு அந்த மரங்களுக்கு அடியில் போய் நின்றது. அங்கே ஓலை அறுக்கிற கூலிகளில் பலர் கழிப்பிடம் இல்லாமல், வடிகட்டாத ஆற்றுநீரைக் குடித்து, லாரியிலும் வெட்டவெளியிலும் படுத்துக் கிடந்தார்கள். வெளியிலிருந்து வாங்கி வந்து பூசுகிற எந்தப் பளபளப்புக்கும் அடியில் யாரோ ஒருவர் முதுகு இருக்கிறது என்பதை அன்றைக்குப் படித்தபோது எனக்கு வெகு தூரத்துச் செய்தியாகத்தான் தோன்றியது. என் புகார்க் கடிதத்தை நான் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தது, பையன் வண்டி துடைப்பதை ஒருநாள் விடியற்காலையில் மாடியிலிருந்து பார்த்தபோது. ஒரு வாளித் தண்ணீர். ஒரு துணி. முதல் வண்டியைத் துடைத்தான். துணியை அதே வாளியில் முக்கிப் பிழிந்தான். இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி. என் வண்டி வரிசையில் ஐந்தாவது. அதற்குள் வாளித் தண்ணீர் வண்டல் ஆகிவிட்டது. நாலு வண்டியின் புழுதியை எடுத்து ஐந்தாவது வண்டியில் தேய்க்கிறான். பாலிஷ் என்பதும் நுண்ணிய தூளை வைத்துத் தேய்ப்பதுதானே? அந்த வகையில் தினமும் என் வண்டிக்குப் பாலிஷ் நடந்துகொண்டிருந்தது. தூள் மட்டும் சாலை மணல்.

கீழே இறங்கி, "தண்ணீரை மாற்றக் கூடாதா தம்பி?" என்றேன். "இருபத்திரண்டு வண்டிக்கு நாலு வாளிதான் ஸார். ரூல் எழுதி ஒட்டியிருக்கு" என்றான்.

ஒட்டியிருந்தது. 2019-ம் வருஷத்துக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, பட்டணம் முழுவதும் குடத்தோடு லாரிக்கு நின்றதே, அப்போது எங்கள் சங்கம் போட்ட தீர்மானம் அது. வண்டிக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது. மொத்தம் நாலு வாளி. அந்தச் சமயத்துக்கு நியாயமான தீர்மானம். பிறகு மழை பெய்தது, ஏரி நிரம்பியது. தீர்மானத்தை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அப்போது என்னிடம் இருந்தது வெள்ளை வண்டி. கீறல் எனக்குத் தெரியவில்லை.

ஆக, நாலு வாளியைத் தீர்மானித்தது நாங்கள். துணி வாங்கிக் கொடுக்காதது நாங்கள். பழைய பனியனைத் துணியாகக் கொடுத்தது என் வீடு. பழி மட்டும் பெரியவர் மேல். அவருக்கு வருஷம் முழுவதும் என் வண்டிக்காக நான் கொடுத்தது ஆறாயிரம் ரூபாய். அவர் போட்ட கீறலை ஆறு வாரம் மறைத்து வைத்ததற்கு நான் கொடுத்தது ஒன்பதாயிரம்.

நண்பர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவரைப் போல இன்னும் சிலருக்கு அது பயன்படலாம். பாலிஷ் வாங்கப் போகாதீர்கள், துணி வாங்குங்கள். நல்ல மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன். அலசாமலே கழுவுகிற திரவம் என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி விட்டால் போதும். துணியை எட்டாக மடித்து, ஒரு மடிப்பால் ஒரு பக்கத்தை ஒரே இழுப்பாகத் துடைத்து, மடிப்பைத் திருப்பிவிட வேண்டும். அழுக்கான துணி மறுபடி வாளிக்குள் போகக் கூடாது, அதுதான் முக்கியம். இப்படிச் செய்தால் ஒரு வாளித் தண்ணீர் இரண்டு மூன்று வண்டிக்குத் தாங்கும், கடைசி வரை சுத்தமாகவும் இருக்கும். காய்ந்த புழுதியின் மேல் இறகு விளக்குமாற்றையோ மஞ்சள் துணியையோ ஓட்டுவது, மண்ணெண்ணெய் கலந்து துடைப்பது இரண்டும் கூடாது. துணி துவைக்கும் சோப்புத் தூள் போட்டால் இருக்கிற மெழுகும் போய்விடும்.

கீறல் கண்ணை உறுத்தினால், கனத்தை அளந்துவிட்டு, இருப்பதிலேயே மிருதுவான பாலிஷை முதலில் ஒரு சாண் இடத்தில் போட்டுப் பாருங்கள். அது போதுமென்றால் அதற்கு மேல் போகவேண்டாம். ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் கறுப்பில் தன் சுவட்டை விட்டுப் போகும். சுழன்றுகொண்டே அசைகிற இயந்திரம்தான் கடைசிக் கைக்கு ஏற்றது. பிறகு நிழலில், வண்டி ஆறிய பிறகு, மேலே மெல்லிசாக ஏதாவது பூசுங்கள். செயற்கைச் சரக்கு சில மாதம் வரும். கார்னோபா நம் வெயிலில் சில வாரம். கறுப்பு வண்டியின் கூரை மே மாதத்தில் 70 டிகிரியைத் தொடும். அதில் எந்த மெழுகும் நெடுநாள் குடியிருக்காது. இருந்தும் நான் கார்னோபாதான் போடுகிறேன். டப்பாவைத் திறந்தால் வருகிற வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு நியாயம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தன் டி மாடலைக் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் விற்கவில்லை. அந்தப் பதினோரு வருஷமும் அமெரிக்காவில் கீறலுக்கு யார்மேல் பழி போட்டார்களோ!

பெரியவரை மூன்று தெரு தள்ளி ஒரு குடியிருப்பில் கண்டுபிடித்தேன். பத்து வண்டி வேலைதான் அங்கே கிடைத்திருந்தது. நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் என் புகாரைப் போல அதுவும் நன்றாக அமைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. சங்கத்துக் கூட்டத்தில் தீர்மானத்தை எடுக்கச் சொல்லிப் பேசினேன். எடுத்தார்கள், இரண்டு பேர் எதிர்த்தார்கள், இருவருடையதும் வெள்ளை வண்டி. பையன் பாதி வண்டியை வைத்துக்கொள்ள, பெரியவர் மறுபாதிக்குத் திரும்பி வந்தார். காருக்குக் கூலி எழுநூறு ஆகியிருக்கிறது. துணி சங்கத்தின் செலவு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாய்வெயிலில் நானும் அவரும் வண்டியருகே நின்றுகொண்டிருந்தோம். அவர் குனிந்து பானெட்டைப் பக்கவாட்டில் பார்த்தார். அதில் அலை அலையாக, தறியில் இழை ஓடினதுபோல, நீளமாகச் சில வரிகள் ஓடுகின்றன. அன்றைய ஒன்பதாயிரம் ரூபாய்ச் சுவடு.

"ஐயா, இது அலை மாதிரி ஓடுது பாருங்க. துணியிலே இப்படி விழாது. இது மிஷின் போட்டது" என்றார்.

பிறகு கதவுப் பக்கம் நடந்தார். கைப்பிடிக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமாக இருந்த கீறல்களின் மேல் விரலை வைக்காமல் விரலைக் காட்டினார்.

"இது என்னுதுங்க" என்றார். துணியில் புதிய மடிப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.